சாய்வு: பூஜ்யம்

நான் செய்த தப்பு பார்க்க ரொம்பச் சின்னது. ஒரு எக்ஸெல் தாளின் கடைசி நெடுவரிசையில் என்ன போடுவது என்று தெரியாமல், மேலிருந்து கீழ்வரை பூஜ்யம் போட்டு இழுத்துவிட்டேன்.

வெளிநாட்டில் காற்று மாசு பற்றி ஆராய்ச்சி செய்யும் கல்லூரி நண்பன் ஒருவன், சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகள் எவ்வளவு புகை விடுகின்றன என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தான். “நீ அந்த ஊர்க்காரன், கோடும் எழுதுவ. இன்புட் ஃபைல் மட்டும் ரெடி பண்ணிக் குடுடா” என்றான். என் ஊர் நல்லம்பள்ளி. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், அதே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். அப்பா இருபத்தைந்து வருஷம் அந்தச் சாலையில் லாரி ஓட்டியவர். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று நானும் நம்பினேன்.

அவன் பயன்படுத்திய மாடலின் பெயர் ‘மூவ்ஸ்’. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவாக்கியது, இலவசமாகக் கிடைப்பது. சாலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி எழுதித் தரவேண்டும். வரிக்கு ஒன்பது கட்டங்கள்: துண்டின் எண், கவுண்டி எண், மண்டல எண், சாலை வகை, நீளம், ஒரு மணி நேரத்தில் போகும் வண்டிகள், சராசரி வேகம், ஒரு சிறு குறிப்பு, கடைசியாகச் சராசரி சாய்வு. நீளம் மைலில். கவுண்டி என்பது அமெரிக்க மாவட்டம். நல்லம்பள்ளிக்கும் ஏதோ ஓர் அமெரிக்க மாவட்டத்தை இரவல் வாங்கி, அதன் வெயிலையும் டீசலையும் அழித்துவிட்டு நம்முடையதை எழுதவேண்டும். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சாய்வு மட்டும் கையில் இல்லை. பூஜ்யம் போட்டேன். மாடல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி முடிந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது லேப்டாப்பில் அந்த வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். புகை அதிகமான துண்டுகள் சிவப்பு, குறைந்தவை பச்சை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தொப்பூர் ஏன்டா பச்சையா இருக்குது?”

அங்கே வண்டிகள் நிற்காமல் போகின்றன, ஊருக்குள் இருப்பதுபோல நெரிசல் இல்லை என்று சொன்னேன். அப்புறம் சாய்வு நெடுவரிசை ஞாபகம் வந்தது. பொறியாளன் இல்லையா, உடனே ஒரு சமாதானமும் வந்தது. “ஒரு பக்கம் ஏத்தம், இன்னொரு பக்கம் எறக்கம். ரெண்டையும் சேத்தா சராசரி பூஜ்யம்தாம்பா.”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “ஏத்தத்துல எரிஞ்ச டீசல் எறக்கத்துல டேங்குக்குத் திரும்பி வருமா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஒரு சாலையின் மேடும் பள்ளமும் எப்படி ஒரு அட்டவணையாக மாறியது, அந்த அட்டவணையை முதலில் எந்த ஊருக்காகத் தைத்தார்கள், அது எப்படி எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்தது என்று தேடிப் படித்ததன் சுருக்கம் இது.

*

கதை லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பிக்கிறது. 1943 ஜூலையில் ஒருநாள் அந்த நகரத்தை ஒரு மஞ்சள் மூட்டம் கவிந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். தொழிற்சாலைகளைக் குறை சொன்னார்கள், குப்பை எரிப்பதைக் குறை சொன்னார்கள். மூட்டம் போகவில்லை.

விடையைக் கண்டுபிடித்தவர் ஏரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர். கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் வாசனை எந்த வேதிப்பொருட்களால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதே உத்தியைக் கொண்டு நகரத்தின் காற்றைக் குளிரவைத்து வடித்துப் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்னது இது: கார்களிலிருந்தும் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வரும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வெந்து ஓசோனாகின்றன. மூட்டத்தை உண்டாக்குவது ஜனங்கள் தினமும் ஓட்டும் வண்டிதான். கார் கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் 1968இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் வேலையைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

கார்தான் காரணம் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. ஒரு கார் எவ்வளவு புகை விடும்? அது எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. சட்டம் போடவேண்டுமென்றால் எல்லாக் காரையும் ஒரே மாதிரி ஓட்டிப் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு ‘மாதிரிப் பயணம்’ வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸில் காலையில் வேலைக்குப் போகிறவர்களின் ஓட்டத்தை ஒத்த ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு எல்ஏ-4 என்று பெயர். பல ஓட்டுநர்களை அதில் ஓடவிட்டுப் பதிவுசெய்து, சராசரிக்கு மிக நெருக்கமான ஒரு பயணத்தை எடுத்து, கொஞ்சம் சுருக்கினார்கள். 1372 விநாடிகள், ஏறக்குறைய 12 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 31.5 கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இதுவே அமெரிக்கா முழுமைக்குமான சோதனை. சோதனை நடப்பது சாலையில் இல்லை. ஆய்வகத்தில், சுழலும் உருளைமேல் கார் நிற்கும், சக்கரம் மட்டும் ஓடும். அந்தக் கால உருளைகளில் ரொம்ப வேகமாக முடுக்கினால் டயர் வழுக்கும். ஆகவே நிஜச் சாலையில் பதிவான கடும் முடுக்கங்களை வெட்டி மட்டுப்படுத்தினார்கள். கருவியின் பலவீனம் இப்படி விதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உருளைக்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

இந்தச் சோதனைகளிலிருந்து வந்த கிராம் கணக்குகளையெல்லாம் சேர்த்து 1978இல் ‘மொபைல்’ என்ற முதல் கணினி மாடல் வந்தது. ஃபோர்ட்ரானில் எழுதியது. அதன் இன்புட் ஃபைலில் எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதில்தான் அர்த்தமே இருக்கும். ஒரு எண்ணை ஒரு கட்டம் தள்ளி அடித்தால் வேறு எண் ஆகிவிடும். அந்த மாடலின் அடிப்படை சராசரி வேகம். நகரத்தின் சராசரி வேகத்தைக் கொடுத்தால், எல்ஏ-4 வழிவந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ தரும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்று கொடுத்தால் சிக்னலில் நின்று நின்று போகும் காரையும், பாரத்தோடு மலையேறும் வண்டியையும் அதற்குப் பிரிக்கத் தெரியாது.

மொபைலின் வாரிசுதான் மூவ்ஸ். 2010 பதிப்பாக வெளிவந்தது. இது வேகத்தோடு நிற்காமல், வண்டி அந்த விநாடியில் எவ்வளவு திறனைச் செலவழிக்கிறது என்று கேட்கிறது. முடுக்கம், உருளும் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, சாய்வு நான்கையும் சேர்த்தது அந்தத் திறன். அதனால்தான் அந்தத் தாளில் ஒன்பதாவது நெடுவரிசை இருந்தது. முப்பது வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு நெடுவரிசை. அதில்தான் நான் பூஜ்யம் போட்டேன்.

*

இந்தியாவில் இந்தக் கதை ஒரு வழக்கிலிருந்து வேகம் பிடிக்கிறது. டெல்லியின் வண்டிப் புகைக்கு எதிராக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் உச்ச நீதிமன்றம் போனார். 1989இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. அப்போதைய புகை விதி, வண்டியை நின்ற இடத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது. ஓடும் வண்டிக்கு இத்தனை கிராம் என்ற வரம்பு 1991இல் பெட்ரோலுக்கும் 1992இல் டீசலுக்கும் வந்தது.

நமக்கும் ஒரு மாதிரிப் பயணம் வேண்டியிருந்தது. ‘இந்திய ஓட்டுச் சுழற்சி’ என்று ஒன்று உருவானது. 108 விநாடி கொண்ட ஒரு சுற்று, அதை ஆறு தடவை திருப்பி ஓட்டவேண்டும். மொத்தம் 648 விநாடி, நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சராசரி வேகம் மணிக்கு சுமார் 22, உச்சவேகம் 42. அந்தக் கால நகரத் தெருவில் அம்பாசடர் நெளிந்து போவது கண்முன் வருகிறது. பிற்பாடு கார்களுக்கு ஐரோப்பியச் சுழற்சியை எடுத்து, அதன் 120 கிலோமீட்டர் உச்சவேகத்தை 90ஆகக் குறைத்து வைத்துக்கொண்டோம். தைத்த சட்டையை வாங்கிக் கையை மட்டும் மடித்துவிட்டதுபோல.

லாரிக்கு அந்த மடித்த சட்டைகூட இல்லை. கனரக வண்டிகளில் அடிப்படைச் சான்றிதழ்ச் சோதனை வண்டிக்கு நடப்பதில்லை, எஞ்சினுக்கு நடக்கிறது. எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி ஓடவிட்டு, ஒரு கிலோவாட் மணிக்கு இத்தனை கிராம் என்று அளப்பார்கள். அந்தச் சோதனையில் சாலையே கிடையாது. அதைக் கிலோமீட்டருக்கு இத்தனை என்று மாற்றுவது இன்புட் ஃபைல் தயாரிக்கிறவர் தலையில் விழுகிறது.

அந்த வேலையை நம் ஊர்களில் நன்றாகச் செய்தவர்களும் உண்டு. 2003இல் புனேயில் ‘சர்வதேச வாகன உமிழ்வு மாடல்’ என்ற கணக்குக்காகச் சாலையோரம் கேமரா வைத்து வண்டிகளை எண்ணினார்கள். ஜிபிஎஸ் கருவியோடு வண்டிகளை ஓடவிட்டு விநாடிக்கு விநாடி பதிவு செய்தார்கள். நிறுத்துமிடங்களில் நின்ற வண்டிகளின் வயதையும் தொழில்நுட்பத்தையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறு நகரங்களில் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தியது: டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு, புனே, கான்பூர். சென்னையைச் சென்னை ஐஐடி செய்தது. இந்திய வண்டிகளின் உமிழ்வு எண்களைப் புனேயின் ஏஆர்ஏஐ நிறுவனம் அளந்து கொடுத்தது. இன்றைக்கு யார் இந்தியச் சாலைப் புகையைக் கணக்கிட்டாலும் அந்த அட்டவணைகளை எங்கேயாவது தொட்டுக்கொண்டுதான் போகவேண்டும்.

ஆறும் நகரங்கள். விதிகளும் நகரத்தில்தான் முதலில் இறங்கின. ஈயம் இல்லாத பெட்ரோல் 1995இல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களுக்கு வந்தது, நாடு முழுக்க ஈயம் ஒழிய 2000 ஆயிற்று. பாரத் ஸ்டேஜ் 3 பெருநகரங்களுக்கு 2005, மற்ற ஊர்களுக்கு 2010. நான்காம் நிலை சில நகரங்களுக்கு 2010, மற்றவர்களுக்கு 2017. 2010இல் சென்னையிலும் பெங்களூரிலும் விற்ற டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு. தர்மபுரி அந்த நகரப் பட்டியலில் இல்லை, இங்கே விதித்த வரம்பு 350. பெங்களூரிலிருந்து சேலத்துக்கு ஒரே நாளில் போகும் லாரி இரண்டு விதியையும் கடந்து போனது. 2020 ஏப்ரலில் ஆறாம் நிலை வந்தபோதுதான் புது வண்டிகளுக்கு நாடு முழுக்க ஒரே தேதி.

*

இப்போது நல்லம்பள்ளி. ஒவ்வொரு அட்டவணையாக நிரப்பிப் பார்ப்போம்.

முதலில் வண்டிகளின் எண்ணிக்கை. ‘வாகன்’ தரவுத்தளத்தில் தர்மபுரி மாவட்டத்தில் பதிவான வண்டிகளை எடுத்தால் போதும் என்று நினைத்தேன். பதிவேட்டில் பிறப்பு உண்டு, இறப்பு பெரும்பாலும் கிடையாது. கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஸ்கூட்டரும் அதில் உயிரோடு இருக்கும். டெல்லியில் பெட்ரோல் பங்குகளில் நின்று வண்டிகளின் வயதைக் கேட்டுச் செய்த ஓர் ஆய்வில், பதிவானவற்றில் ஏறக்குறைய பாதிதான் உண்மையில் ஓடுகிறது என்று கண்டார்கள். எங்கள் ஊரில் சிக்கல் இன்னொரு மடங்கு. நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள் எங்கள் மாவட்டத்தில் பதிவானவையே இல்லை. நான் நோட்டோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த அந்த மாலையில் டிஎன் 29 எண்ணை டிவிஎஸ் மொபெட்டிலும் ஷேர் ஆட்டோவிலும்தான் அதிகம் பார்த்தேன். லாரிகளில் நாமக்கல், திருச்செங்கோடு, கர்நாடகா, ராஜஸ்தான், அப்புறம் நாகாலாந்து. நாகாலாந்தைக் கண்ணால் பார்க்காத எத்தனையோ லாரிகளுக்கு நாகாலாந்து எண். மாவட்டப் பதிவேட்டை வைத்து இந்தச் சாலையைக் கணக்கிட்டால், சத்திரத்தில் சாப்பிட வந்தவர்களைச் சமையல்காரர் வீட்டு ரேஷன் அட்டையை வைத்து எண்ணுவதுபோல ஆகும்.

அடுத்து வகை. மூவ்ஸில் வண்டிகள் பதின்மூன்று வகை. அதில் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் இரண்டு சக்கரம். அமெரிக்கன் ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் பெரிய பைக்குக்கான கட்டம் அது. இரண்டு மூட்டை தக்காளியோடு சந்தைக்குப் போகும் மொபெட்டையும் அதற்குள்தான் நுழைக்கவேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1980இல் டிவிஎஸ் 50 பிறந்தது ஒசூரில். அசோக் லேலண்டின் ஒசூர் ஆலையும் அதே ஆண்டில் தொடங்கியது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஒசூர் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. மொபெட்டும் லாரியும் எங்கள் மாவட்டத்திலேயே பிறந்தும், அட்டவணையில் அவற்றுக்கென்று ஒரு வரி இல்லை.

பிறகு வயது. ஒவ்வொரு வகை வண்டியிலும் புதியது எத்தனை பங்கு, ஒரு வயதானது எத்தனை பங்கு என்று வரிசையாகக் கொடுக்கவேண்டும். எல்லாப் பங்கையும் கூட்டினால் 1 வரவேண்டும். வராவிட்டால் மாடல் கத்தும். கூட்டல் சரியா என்று அதற்குப் பார்க்கத் தெரியும், உண்மையா என்று பார்க்கத் தெரியாது. சுங்கச்சாவடியிலும் உதவி இல்லை. அங்கே அச்சை எண்ணுவார்கள், கட்டணத்துக்கு அது போதும். வண்டி எந்த ஆண்டு, எந்த ஸ்டேஜ் என்பது அவர்களுக்கு எதற்கு?

பாரம் இன்னொரு தலைவலி. ஐரோப்பாவின் கோபர்ட் மாடலில் லாரியின் பாரத்துக்கு மூன்று நிலை: காலி, பாதி, முழுசு. அதாவது 0, 50, 100 சதவீதம். நூறுக்கு மேலே கட்டம் கிடையாது. நம் ஊரில் நூறுக்கு மேலே என்ன என்று எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். 2018 ஜூலையில் மத்திய அரசே அனுமதிக்கப்பட்ட அச்சு எடையைக் கூட்டியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. நேற்றைய ஓவர்லோடில் ஒரு பகுதி இன்றைக்குச் சட்டப்படி முழு லோடு.

கடைசியாகச் சாய்வு. அப்பாவின் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டன் எடையுள்ள லாரி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். சமதரையில் உருளும் உராய்வை வெல்ல அதற்குச் சுமார் 13 கிலோவாட் போதும். அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பு ஒரு கிலோவாட்கூட வராது. இப்போது சாலையை 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயர்த்துங்கள். ஏறுவதற்கு மட்டும் இன்னும் 65 கிலோவாட் வேண்டும். அதே லாரி, அதே வேகம், ஆறு மடங்கு உழைப்பு. வேறு மாதிரிப் பார்த்தால், 30 டன்னை 100 மீட்டர் உயரம் தூக்க, எஞ்சினில் வீணாவதையும் சேர்த்து, இரண்டு லிட்டருக்கு மேல் டீசல் எரியவேண்டும்.

இறக்கத்தில் அந்த டீசல் திரும்புவதில்லை. ஏறிச் சேர்த்த சக்தி பிரேக்கில் சூடாகப் போகிறது. தொப்பூர் கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது வண்டியில் வரும் கருகிய வாசனை பிரேக் லைனிங்குடையது. அந்தத் தூசியும் காற்றில்தான் கலக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்களும் உண்டு. நியூட்ரலில் இறங்காதே என்று எத்தனை தடவை எச்சரித்தாலும் நிற்பதில்லை. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் அங்கே நடந்த விபத்துகள் தமிழ்நாட்டில் எல்லோரும் கேள்விப்பட்டவை. மாடலின் பிழைக்கும் விபத்துக்கும் வேர் ஒன்றுதான். அந்தச் சாய்வு யாருக்காவது செலவு, யாராவது அதைக் கட்டுகிறார்கள். அதைச் சராசரியில் கரைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டால் யார் கட்டுகிறார்கள் என்பதும் மறைந்துபோகும்.

*

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது புறநானூற்றின் 102ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. ஔவையார் பாடியது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது. அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி, அவன் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாட்டில் உப்பு வணிகர்களின் வண்டி ஒன்று வருகிறது. எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. பாரமோ அதிகம். வழியில் பள்ளத்தில் இறங்கவேண்டும், மேட்டில் ஏறவேண்டும், அங்கே என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிவைக்கிறார்கள். அந்த மாற்று அச்சைப் போன்றவன் நீ என்று ஔவை அவனைப் புகழ்கிறார்.

பள்ளியில் உவமைக்காகப் படித்த பாட்டு. இன்புட் ஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டு மறுபடி படித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. இழுக்கும் மாட்டின் வயது, ஏற்றிய பாரம், சாலையின் ஏற்ற இறக்கம். நான் நிரப்பத் திணறிய மூன்று நெடுவரிசைகளும் அதில் இருக்கின்றன. இந்த நிலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இவை எப்போதும் தெரிந்திருந்தன. மாடலுக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

இந்த மண்ணை அட்டவணையாக்க வந்த முதல் ஆட்களில் நாங்களும் இல்லை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. அலெக்ஸாண்டர் ரீட் நிர்வாகியாக வந்தார். அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண கவர்னர். 1799 வரை மன்றோ தர்மபுரியில் இருந்தார். வயல் வயலாக அளந்தார்கள். புன்செய், நன்செய், தோட்டம் என்று பிரித்தார்கள், மண்ணின் தரத்தைக் குறித்தார்கள், ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தீர்வை எழுதினார்கள். ரயத்துவாரி முறை அந்தக் கணக்கேட்டிலிருந்து வளர்ந்தது. வரிக்காக அளந்தார்கள், அதில் தர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு சீமையின் சராசரி விளைச்சலை எடுத்து இங்கே ஒட்டினால் வசூல் நடக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வயலுக்கும் போய் நின்றார்கள்.

எடுத்துக்கொள்ள வரும்போது ஒவ்வொரு வயலையும் அளக்கிறார்கள். எங்கள் மேல் விழும் புகையை அளக்க மட்டும் ‘டீஃபால்ட் வேல்யூ’ போதுமா? இந்தக் கேள்வி எனக்குக் கோபமாகத்தான் வந்தது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை தூத்துக்குடி, திருச்சி, சென்னை, மதுரை. அது நகரங்களுக்கான திட்டம். இரண்டு நகரங்களுக்கு நடுவில், மலையேறும் லாரிகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. கண்காணிப்புக் கருவி இல்லாத இடத்தில் மாடல் தரும் எண் ஒன்றுதான் வாய். அந்த வாயில் பூஜ்யத்தைத் திணித்தவன் அந்த ஊர்க்காரனே என்பது கோபத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பியது.

*

நண்பனிடம் தப்பை ஒத்துக்கொண்டேன். “நானும் பாக்கலடா” என்றான். சாய்வைத் திரும்ப எடுப்பது என்று முடிவானது.

2000 பிப்ரவரியில் நாசாவின் விண்ணோடம் ரேடாரால் எடுத்த உயர வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைச் சாலைமேல் போர்த்திப் பார்த்தேன். சமவெளியில் நன்றாக வந்தது. மலையைக் குடைந்து சாலை போட்ட இடங்களில் சாலையின் உயரத்தோடு பக்கத்துப் பாறையின் உயரமும் கலந்து, சாலை குதித்துக் குதித்துப் போனது. போன் ஜிபிஎஸ்ஸின் உயரக் கணக்கோ நின்ற இடத்திலேயே ஆடியது.

கடைசியில் அப்பாவைக் காரில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு சேலம் பக்கமிருந்து ஏறினேன். லாரி எங்கே எந்த கியருக்கு மாறும் என்று சொல்லச் சொன்னேன். அவர் சாலையைப் பார்க்கக்கூட இல்லை, எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டார். “இங்க மூணு… இரு, இரு… இப்ப ரெண்டு. அந்தப் புளியமரம் வரைக்கும் ரெண்டுதான். லோடு ஜாஸ்தியா இருந்தா அதுக்கு முன்னாடியே விழுந்துரும்.” ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு புள்ளி குத்தினேன். நான் சம நீளமாக வெட்டி வைத்திருந்த துண்டுகளை அழித்துவிட்டு, அந்தப் புள்ளிகளில் மறுபடி வெட்டினேன். நாலைந்து தடவை போய்வந்து எடுத்த உயரங்களைச் சேர்த்துச் சராசரி போட்டு, ரேடார் வரைபடத்தோடு ஒப்பிட்டதில், சாய்வு மாறும் இடங்கள் அவர் கியர் மாற்றச் சொன்ன இடங்களை ஒட்டியே வந்தன. ஏறும் திசைக்குத் தனி வரி, இறங்கும் திசைக்குத் தனி வரி. தாளில் வரிகள் இரட்டிப்பாயின.

மாடல் மறுபடி ஓடியது. ஏறும் திசையில் தொப்பூர் சிவந்தது. இன்னும் அது சரியான எண் கிடையாது. அமெரிக்க லாரியின் எண்ணை நம் லாரிக்கு இழுத்துக் கட்டியிருக்கிறோம், நூறுக்கு மேற்பட்ட பாரத்துக்கு நாங்களே தோராயமாக ஒரு வழி செய்திருக்கிறோம். ஆனால் எங்கே அளக்கும் கருவியை வைக்கவேண்டும் என்று கேட்டால் இந்த வரைபடத்தைக் காட்டலாம். முதல் வரைபடத்தைக் காட்டியிருந்தால் அதைத் தொப்பூரைத் தவிர எல்லா இடத்திலும் வைத்திருப்பார்கள்.

ஒவ்வொரு வரியிலும் எட்டாவது கட்டம் ஒன்று உண்டு, ‘குறிப்பு’ என்று. கணக்குக்கு அது தேவையில்லை. அதில் என்ன எழுதினாலும் மாடல் கண்டுகொள்ளாது. முதல் ஃபைலில் அங்கே ‘துண்டு 14’, ‘துண்டு 15’ என்று போட்டிருந்தேன். இந்தத் தடவை அப்பா சொன்னதையே எழுதினேன். புளியமரம் வரைக்கும், ரெண்டாவது கியர்.